இடது கெண்டைக்கால்

முதல் அநியாயம் அறுபத்தொன்பதில் நடந்தது. பதினொரு மாதத்துக்கு மேல் பதிலி ஆளாக நூல்மில்லின் ஸ்பின்னிங் செக்ஷனில் ஓட ஓட வேலை வாங்கிவிட்டு, பன்னிரண்டாவது மாதம் முடிந்தால் நிரந்தரமாக்க வேண்டியிருக்குமே என்று ஒரு நாள் முன்னதாகக் கேட்டிலேயே நிறுத்தி, நாளையிலிருந்து வராதே என்றார்கள். இரண்டாவது எழுபத்துநாலில், கேட் மீட்டிங்கில் மெகாபோனைக் கீழே வை என்று சொன்ன போலீஸ்காரன் வைப்பதற்குள் இடது தோளில் லத்தியை இறக்கினான், எலும்பு கோணலாகத்தான் கூடியது. மூன்றாவது எழுபத்தொன்பதில்; பஞ்சைச் சீவி ஓடுகிற கார்டிங் மெஷினைத் துடைக்கச் சொல்லி, கூட வேலைபார்த்த குப்பண்ணனின் மூன்று விரல்களை அதற்குத் தின்னக் கொடுத்துவிட்டு, தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒற்றை வரியில் ரிப்போர்ட் எழுதினார்கள். நான்காவது எண்பத்துமூன்றில், சம்பவ நாளன்று கேட்டில் நின்றேன் என்று மட்டும் எழுதிக்கொடு, வேறொன்றும் வேண்டாம் என்று சிரித்துப் பேசி வாங்கிய இரண்டு வரியை வைத்தே, இதோ இவனே ஒப்புக்கொண்டான் என்று சொல்லி, பிறகு சேர்ந்த மில் வேலையிலிருந்தும் நீக்கினார்கள். ஐந்தாவது தொண்ணூற்றாறில், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி லாரியாக மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய், திங்கட்கிழமை காலையில் கேட்டில் பூட்டைத் தொங்கவிட்டார்கள். ஆறாவது, இதை அவர் வெளியே சொல்வதில்லை, இரண்டாயிரத்து ஒன்பதில். அவர் ரத்தத்தைக் குடித்து வளர்ந்த சொந்தச் சங்கமே சால்வையைப் போர்த்தி, தோழருக்கு ஓய்வு தேவை என்று தீர்மானம் போட்டுச் செயலாளர் நாற்காலியிலிருந்து இறக்கியது. ஏழாவது பன்னிரண்டு நாளைக்கு முன்னால். பேரன் வயதுள்ள ஒரு டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, பெரியவரே, இடது கால்ல ரத்தம் கட்டியிருக்கு, இந்த மாத்திரைய ஒரு நாள்கூட விடக்கூடாது, கால யாரும் அமுக்கக்கூடாது, கட்டி பேந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான் என்று கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான். வரிசை தவறக்கூடாது. தனக்கு நடந்த அநியாயத்தைத் தேதிவாரியாகச் சொல்லத் தெரியாதவன் மெகாபோனைத் தொடக்கூடாது என்பது சென்னியப்பனின் சட்டம், எழுபத்துமூன்று வயதில், சங்கக் கூடத்தின் தரையில் விரித்த மெத்தையில் குப்புறப் படுத்து, ஒரு கன்னம் தலையணையிலும் ஒரு கன்னம் காற்றாடியின் கீழுமாகக் கிடக்கும்போதும் அதுதான் சட்டம்.

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கைகள் வந்து அமர்ந்தன. "மூச்ச உள்ள இழுங்க ஐயா. இப்ப விடுங்க." விடும்போது கைகள் சாய்ந்தன, அழுத்தவில்லை, சாய்ந்தன, ஒரு மூட்டையைத் தோளிலிருந்து இறக்குகிறவன் மெல்லச் சாய்வதுபோல. இது ஜப்பான்காரர்களின் வைத்தியமாம், ஷியாட்சு என்று பெயராம். எண்ணெய் கிடையாது, சட்டையைக் கழற்ற வேண்டாம், கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் முழங்கையாலும் தன் உடம்பின் பாரத்தையே கொடுத்து அழுத்துவது. காரைக்காலிலிருந்து வந்த அமலோற்பவம், நாற்பது வயதிருக்கும், வியாழக்கிழமை தோறும் காலையில் ஆட்டோவில் மெத்தையைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு சிங்காநல்லூர்ப் பக்கத்துச் சங்கக் கூடத்துக்கு வந்து, ஓய்வுபெற்ற மில்காரர்களின் முதுகையும் முட்டியையும் பார்க்கிறாள். பழைய தோழன் வெள்ளியங்கிரிக்கு இரண்டே வாரத்தில் கழுத்து திரும்புகிறது, ரீலிங் செக்ஷன் மைலாத்தாளுக்கு இப்போது இடுப்பு பிடித்துக்கொள்வதில்லை என்றெல்லாம் கேள்விப்பட்டபின்தான் சென்னியப்பன் வந்தார். வந்ததும் அவள், உடம்பு விவரம் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஒரு பாரத்தை எடுத்தாள். பாரம் என்றதும் அவர் நிமிர்ந்துவிட்டார். நாற்பது வருஷமாகக் கேட்டில் நின்று ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்: அவர்கள் பேப்பரில் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல், எழுதச் சொன்னால் மாட்டேன் என்று சொல், கையெழுத்து கேட்டால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வா. ரத்தக் கொதிப்பு உண்டுங்களா. இல்லை. சர்க்கரை. இல்லை. எலும்பு முறிஞ்சிருக்கா. இல்லை. (கோணல் எலும்பு உள்ளே சிரித்தது.) ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாச்சும். இல்லை. கால்ல ரத்தக்கட்டி இருக்குன்னு டாக்டர் யாராவது சொல்லியிருக்காங்களா. இல்லை. கடைசிக் கேள்விக்கு அவர் பதில், கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது, விசாரணை அதிகாரி முன்னால் நல்ல தொழிலாளி சொல்வதுபோல. "ஒண்ணுமேவா இல்ல? இந்த வயசுல?" என்றாள் அவள். "இரும்பும்மா" என்றார். பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்த மைலாத்தாள், "ஆமாங்கண்ணு, இரும்புதான், எடைக்குப் போடற இரும்பு" என்றாள். கையெழுத்து என்று பேனாவை நீட்டியபோது அவர் பேனாவைப் பார்க்கவே இல்லை. "அவரு எதுலயும் போடமாட்டாருங்க, கல்யாணத்துல மொய் நோட்டுல பேரெழுதவே யோசிப்பாரு" என்று வெள்ளியங்கிரி சிரித்து, "நான் ஜவாப்தாரிங்க, நீங்க பாருங்க" என்றான். அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு, சரிங்க ஐயா, படுங்க என்றாள்.

ஜவாப்தாரியாம். வெள்ளியங்கிரிக்கு என்ன தெரியும், முட்டாள்பயல், ஐம்பது வருஷமாக அவர் சொன்னதையெல்லாம் நம்பி நம்பியே முட்டாளானவன். கட்டைவிரல் இப்போது தோள்பட்டைக்கு அடியில், லத்தி இறங்கின இடத்துக்கு ஓரமாக வந்து நின்றது. நின்று, கேட்காமலே அந்த இடத்தைச் சுற்றிப் போனது. எப்படித் தெரிந்தது இவளுக்கு. "இங்க பழைய அடி ஒண்ணு இருக்கு போல. இல்லன்னீங்களே?" என்றாள், குரலில் சண்டை இல்லை. "எழுபத்துநாலுல பட்டது, அதெல்லாம் கணக்குல வராது" என்றார். "எனக்கு எல்லாம் கணக்குதாங்க" என்றாள். அடிவாங்கின இடத்தைச் சுற்றிப் போனபோது அந்த இடம் தானாகவே சூடாகி இளகியது, கண்ணில் எதற்கோ தண்ணீர் முட்டியது, சே, படுத்திருந்தால் மனுசன் குழந்தையாகிவிடுகிறான், அதனால்தான் முதலாளிகள் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்து, நம்மை நிற்கவைத்துப் பேசுகிறார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் படுக்கவைத்தே பேசுகிறார்கள். அந்த டாக்டர்ப் பையன் படுக்கவைத்துத்தான் காலில் குழைவாக எதையோ பூசிக் கருவியை உருட்டி, திரையில் மழைமேகம் மாதிரி எதையோ பார்த்தான். தோழரே என்று வேண்டாம், ஐயா என்றுகூட வேண்டாம், பெயரைப் படித்துக் கூப்பிட்டிருக்கலாம், கையிலேயே சீட்டு இருந்தது. பெரியவரே. பஸ்ஸில் இடம் விடுகிறவன் சொல்கிற வார்த்தை. மாத்திரையை நாலு நாள் போட்டார், ஐந்தாம் நாள் நிறுத்தினார். மில் டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரை ஞாபகம் வந்ததுதான் காரணம். நெஞ்சுச் சளிக்கும் அதே, வயிற்றுவலிக்கும் அதே, விரல் போன குப்பண்ணனுக்கும் அதே. மாத்திரை கொடுப்பவன் யார் பக்கம் நிற்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் விழுங்கவேண்டும் என்று இவரே ஒரு நோட்டீசில் எழுதியிருக்கிறார், நல்ல வரி, அச்சுக்கூடக்காரனே பாராட்டினான். படிப்பு என்று அவருக்கு இருப்பதெல்லாம் நோட்டீஸ்தான். அ ஆவைவிட முன்னால் அவர் எழுத்துக்கூட்டிப் படித்தது சுவரில் பசையோடு ஒட்டியிருந்த வேலைநிறுத்தம் என்ற சொல். அப்படிப் படித்தவன் ஒரு பொடியனிடம் தலையை ஆட்டிவிட்டு வருவதா. இங்கே வந்து படுத்து, இந்தக் கை அந்தக் கெண்டைக்காலை ஒரு மணிநேரம் அழுத்திக் கட்டியைக் கரைத்துவிட்டால், நேராக அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய், அதே திரையில் காட்டச்சொல்லி, எங்கேடா உன் ரத்தக்கட்டி என்று கேட்கவேண்டும். கேட்கும்போது அடுத்த டோக்கன்காரர்கள் எல்லாரும் இருக்கவேண்டும்.

கரையுமா. கை இடுப்புக்கு இறங்கியது. கரையாவிட்டால்? மெஷின் ஹாலில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும், வெயில் விழுகிற இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியும், மற்ற இடத்தில் தெரியாது, தெரியாமல்தான் அது உள்ளே போகும். பாதி செக்ஷன் அந்தப் பஞ்சிலேயே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தது. இப்போது காலுக்குள் ஒரு துணுக்கு, சின்னத் துணுக்கு, ஊறின பஞ்சு மாதிரிக் குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, யாராவது தள்ளிவிடமாட்டார்களா என்று காத்திருக்கிறது. தள்ளிவிட்டால் தொடைக்கு, தொடையிலிருந்து வயிற்றுக்கு, அங்கிருந்து நெஞ்சுக்கு, அவ்வளவுதான் என்றான் அந்தப் பையன், அவ்வளவுதான் என்பதற்குள் எவ்வளவு இருக்கிறது. இல்லை, பயமில்லை. லத்திக்குப் பயமில்லை, வேலை போனபோது பயமில்லை, ரத்தினாம்பாள் போனபோதுகூட, ரத்தினாம்பாள் போனபோது கொஞ்சம் பயந்தது உண்மை, ஒரு வாரம் விளக்கை அணைக்கவில்லை, ஆனால் மனைவி இறந்ததற்குப் பயப்படுவது வேறு, ஒரு துணுக்குக்குப் பயப்படுவது வேறு. இன்று காலை செருப்பு மாட்டும்போது இடது கால் வலது காலைவிட ஒரு விரல்கடை தடித்திருந்தது. தொட்டால் கதகதவென்றிருந்தது. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாததை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் இல்லை. கையில் இன்னும் அந்தச் சூடு இருப்பதுபோல விரல்களை மெத்தையில் தேய்த்தார். "என்னங்க ஐயா, வலிக்குதா? வலிச்சா சொல்லணும், தாங்கிக்கிட்டு இருக்கிறது இதுல வீரம் இல்ல" என்றாள் அமலோற்பவம். வீரம் எது என்று எனக்கு நீ சொல்கிறாயா. "வலி இல்லம்மா" என்றார்.

வலது கால் முதலில். இடுப்பு மூட்டிலிருந்து தொடைக்குப் பின்புறமாக உள்ளங்கை ஒவ்வொரு அடியாக இறங்கியது, முட்டிக்குப் பின்னாலுள்ள குழியைத் தொடாமல் தாண்டிப்போனது, கெண்டைச்சதையில் இறங்கிச் சாய்ந்தது. சுகமாக இருந்தது, சுகமாக இருப்பதில் கோபமாகவும் இருந்தது. ஒரு தொழிலாளியைக் குனியவைத்து என் காலைப் பிடிக்கவைப்பதா என்று ஒரு காலத்தில் எழுதியிருப்பார். ஆனால் இவள் கால் பிடிக்கவில்லை. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்: முழங்காலில் நின்று, முதுகு நேராக, கை நேராக, நூல் நூற்கிற ரிங் பிரேமின் முன்னால் நல்ல வேலைக்காரன் நிற்பதுபோல நிற்கிறாள், தன் எலும்பைத் தேய்த்துக்கொள்ளாமல் வேலை செய்யத் தெரிந்தவள். வேலை தெரிந்தவளைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் தலை தாழும், அது ஒன்றுதான் அவர் யாருக்கும் கொடுக்கிற மரியாதை. "ஏங்கண்ணு, அந்தப் பெரிய ஓட்டல்ல இருந்தீன்னியே, அதை உட்டுப்போட்டு எதுக்கு எங்களமாதிரி கெழடு கட்டைகளுக்கு அமுக்கிக்கிட்டுக் கெடக்கற?" என்று மைலாத்தாள் கேட்டாள். "நானா விடலைங்க அம்மா, அனுப்பிட்டாங்க." "ஏனாமா?" அமலோற்பவம் கையை நிறுத்தாமலே சொன்னாள். ஒரு விருந்தாளி வந்தார். கழுத்தெலும்பு தேஞ்சிருக்கான்னு கேட்டேன், இல்லன்னார். நரம்புக் கோளாறு ஏதாச்சும்னேன், இல்லன்னார். அழுத்தி முடிச்சு எழுந்தா அவருக்கு வலது கை மரத்துப்போச்சு. மறைச்சிருக்கார், ஆபரேஷன் பண்ணச் சொல்லி டாக்டர் சீட்டே அவர் பெட்டியில இருந்துச்சாம். மறுநாள் விசாரணை வெச்சாங்க. "கேட்டேன், இல்லன்னு சொன்னார்னு சொன்னேன். எழுத்துல இருக்கான்னாங்க. எழுத்துல இல்ல. அவ்வளவுதான், என் கவனக்குறைவுன்னு எழுதி அன்னிக்கே கணக்கு முடிச்சிட்டாங்க. அப்பறந்தான் இந்த பாரமெல்லாம். இங்க ஒருத்தர் கையெழுத்துப் போடமாட்டேன்னா நான் தொடவே கூடாது. ஐயாவுக்குத்தான் விட்டுட்டேன், எல்லாரும் இவ்வளவு பெரிசா சொல்றாங்களேன்னு." "அவரு பெரிய ஆளுதானுங்க" என்றான் வெள்ளியங்கிரி, "ஊரையே கெடுத்தவரு."

கவனக்குறைவு. அந்தச் சொல் காதில் விழுந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது, மெஷின் கதிரில் நூல் சுற்றிக்கொள்வதுபோல, இழுக்க இழுக்க இறுகியது. குப்பண்ணனின் ரிப்போர்ட்டில் இருந்த சொல் அதே. மேஸ்திரி சொல்லித்தான் மெஷினை நிறுத்தாமல் துடைத்தான், நிறுத்தினால் உற்பத்தி போகும் என்று சொன்னது மேஸ்திரி, ஆனால் ரிப்போர்ட்டில் மேஸ்திரி இல்லை, குப்பண்ணன் இருந்தான், அவன் கவனக்குறைவு இருந்தது, விரல்கள் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகப் பதினோரு நாள் மில்லை நிறுத்தினோமே. ஓடும் மெஷினைத் துடைக்க மாட்டோம், ஓடும் மெஷினைத் துடைக்க மாட்டோம், மைலாத்தாளுக்கு அன்றைக்கு நாக்கே வறண்டுபோனது, கோஷம் போட்டுப் போட்டு. சரி. இப்போது ஒரு ரிப்போர்ட். இன்று வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற தொழிலாளி, வயது எழுபத்துமூன்று, சங்கக் கூடத்தில் மசாஜ் செய்துகொள்ளும்போது மூச்சுத்திணறி, யார் கவனக்குறைவு என்று எழுதுவார்கள். செத்தவன் கவனக்குறைவு என்று எழுதுவார்களா. செத்தவனுக்கு மாலை போடுவார்கள். கொடி போர்த்துவார்கள். கேட்டேன், இல்லன்னு சொன்னார் என்று இவள் சொல்லுவாள், எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லை, ஏன் இல்லை, அவர் பெரிய ஆள், கையெழுத்துப் போடமாட்டார். ஆக நான் யார் இந்தக் கதையில். நான் மேஸ்திரியா. அபத்தம், மேஸ்திரிக்குச் சம்பளம் வேறு, சாப்பாடு வேறு, நான் மெத்தையில் கிடக்கிற நோயாளி, எனக்கு நோய் இருப்பதை மறைக்க எனக்கு உரிமை உண்டு, என் உடம்பு, என் கால். என் கால், ஆனால் அதன்மேல் இறங்கப்போவது அவள் கை. ஓடுகிற மெஷின்மேல் கையை வைக்கச் சொல்லி, ஓடவில்லை என்று நான்தானே சொல்லிவைத்திருக்கிறேன். இல்லை, அப்படியெல்லாம் இல்லை, ஒன்றும் நடக்காது, டாக்டர்கள் பத்துக்கு எட்டு பொய். இரண்டு நிஜம். இந்த இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய. சொல்லலாம். சொன்னால் வெள்ளியங்கிரி கேட்பான், மைலாத்தாள் கேட்பாள், சென்னியப்பன் பயந்தான் என்று, இல்லை, சென்னியப்பன் பொய் சொன்னான் என்று, முதலாளியிடம் சொன்னால் அது போராட்டம், இந்தப் பொம்பிளையிடம் சொன்னால் அதற்குப் பெயர் என்ன. அதற்கு நோட்டீசில் பெயர் இருந்ததே, என்ன பெயர், நாக்கின் நுனியில் இருந்தது, வரவில்லை.

அவள் எழுந்து மெத்தையைச் சுற்றி இடது பக்கம் வந்து மண்டியிட்டாள். காற்றாடியின் கிறீச்சு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் வந்தது. உள்ளங்கை இடது இடுப்பில் அமர்ந்தது, மூச்ச விடுங்க. விட்டார். தொடைக்கு வந்தது. இப்போது சொல்லலாம். இன்னும் ஒரு அடி. இப்போது சொல்லலாம். முட்டிக்குழியைத் தாண்டுவதற்கு முன் கை கொஞ்சம் நின்றது, பிறகு அழுத்தாமல், வேட்டித் துணியின்மேல் ஒரு இலை விழுந்ததுபோலக் கெண்டைக்காலின்மேல் வந்து படிந்தது. படிந்தபடியே இருந்தது. இன்னொரு கை வலது கெண்டைக்காலில் வந்து படிந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். "ஐயா" என்றாள். குரல் மாறியிருந்தது. "இந்தக் கால் சூடா இருக்கு. வீங்கியும் இருக்கு. அந்தக் கால் அப்பிடி இல்ல." "வெயில்ல நடந்து வந்தேன்" என்றார், யோசிக்காமல், வாய் நாற்பது வருஷம் பழகின வழியில் தானே போனது. "பொய் சொல்றாருங்கண்ணு, ஆட்டோவுலதான் வந்தெறங்கினாரு, நான் பார்த்தேன்" என்றாள் மைலாத்தாள். "ரெண்டு கால்லயும் வெயில் ஒண்ணாத்தானே படும்" என்றாள் அமலோற்பவம். அவள் கைகள் இரண்டும் எழுந்துவிட்டன. எழுந்த இடத்தில் காற்று குளிர்ந்தது. "நீ பாட்டுக்கு அமுக்கும்மா, அமுக்கினா செரியாயிடும், அதுக்குத்தானே வந்தது." "மாட்டேன்." "நான் சொல்றேன், என் பொறுப்பு, அமுக்கு." "மாட்டேங்க ஐயா. ஒரு கால் மட்டும் இப்பிடிச் சூடா வீங்கி இருந்தா அமுக்கக் கூடாது. உள்ள கட்டி இருந்தா பேந்துரும். நீங்க எவ்வளவு பெரிய ஆளா வேணா இருங்க. புகார் குடுக்கணும்னா குடுங்க. நான் கைய வைக்கமாட்டேன்."

மாட்டேன். எத்தனை ஆயிரம் பேர் வாயில் அந்தச் சொல்லை அவர் வைத்திருப்பார், பருப்பு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு வாயாக, பயப்படாமல் சொல்லு, முகத்தைப் பார்த்துச் சொல்லு, சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளாதே, தொங்கவிடு, அப்போதுதான் அடிக்க வருகிறவனுக்குத் தெரியும் நீ அடிக்கமாட்டாய் என்று. இவளுக்கு யாரும் ஊட்டவில்லை. மண்டியிட்டபடியே, கையைத் தொடையின்மேல் தொங்கவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மெல்லத் திரும்பி உட்காரப்போனவரை, "ஆட்டாதீங்க, கால அப்பிடியே நீட்டி வெச்சிட்டுத் திரும்புங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவமானம் வரும் என்று காத்திருந்தார். வரவேண்டிய வழியில் அது வரவில்லை, வேறொன்று வந்தது, எழுபத்தொன்பதில் பதினோராவது நாள் காலையில் கேட் திறந்து மேனேஜர் தானே நடந்து வந்தபோது வந்ததே, அதேபோல் ஒன்று, ஆனால் இந்தமுறை கேட்டுக்கு உள்ளே நின்றது அவர். "பன்னெண்டு நாளாச்சு" என்றார். "என்னது?" என்றான் வெள்ளியங்கிரி. "டாக்டர் சொன்னான். ரத்தக்கட்டி. மாத்திரை குடுத்தான், நிறுத்திப்போட்டேன். அமுக்கக்கூடாதுன்னும் சொன்னான். இந்தம்மா கேட்டுச்சு, இல்லைன்னேன்." மைலாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அட நாசமாப் போனவனே" என்றாள், அண்ணா என்பதெல்லாம் போய்விட்டது, "அந்தப் புள்ள பொழப்புல மண்ணப் போடவா வந்து படுத்த? செத்துகித்துப் போயிருந்தீன்னா இந்தப் புள்ளையத்தான புடிச்சுக்கிட்டுப் போவாங்க?" "என் தப்புதாங்க, கையெழுத்து வாங்காம நான் தொட்டிருக்கக் கூடாது" என்றாள் அமலோற்பவம். முகம் வெளுத்திருந்தது. "இப்ப அதெல்லாம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நடக்கவே கூடாது, நெஞ்சுல வலி, மூச்சு வாங்குறது ஏதாச்சும் இருக்கா? இப்பவாவது உண்மைய சொல்லுங்க." "இல்லை" என்றார், பிறகு அவள் பார்த்த பார்வையில், "நெசமாலுமே இல்லம்மா" என்றார். வெள்ளியங்கிரி நூற்றெட்டுக்குப் போன் போட்டு, இடத்தைச் சொல்லத் தெரியாமல், மில்லு இருந்த இடமுங்க, மில்லு இப்ப இல்லீங்க, அதுக்கு எதுத்தாப்பல என்று கத்திக்கொண்டிருந்தான்.

வண்டி வருவதற்குள் என்ன ஆகும் என்று தெரியாது. வழியில் அந்தத் துணுக்கு தானாகவே கிளம்பலாம். கிளம்பினால் இந்தக் கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள், மெத்தையில் படுத்திருந்தார், பக்கத்தில் இந்தப் பெண் இருந்தாள், அவ்வளவுதான் ரிப்போர்ட்டுக்கு வேண்டியது, மீதியை அவர்களே எழுதிக்கொள்வார்கள். அவர்கள் எழுதுகிற விதம் அவரைவிட யாருக்குத் தெரியும். "பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வா" என்றார். "மொதல்ல வண்டி வரட்டும், நீ கம்முனு படு" என்றான் வெள்ளியங்கிரி. "பேப்பர் வராம இந்த மெத்தைய விட்டு நகரமாட்டேன், நாலு பேர் தூக்கினாலும் நகரமாட்டேன், என்னைத் தூக்கிப் பார்த்தவன் எல்லாம் என்ன ஆனான்னு உனக்குத் தெரியும்." இதைச் சொல்லும்போது குரல் தானாகவே கேட் மீட்டிங் குரலாகிவிட்டது. அமலோற்பவம், வேண்டாங்க ஐயா, எனக்காக ஒண்ணும் வேண்டாம், உங்க உசுரு என்றாள். "உனக்காகன்னு யாரு சொன்னா. தொழிலாளி ஒருத்தி வேலையில இருக்கும்போது நடந்தது, நடந்தபடி எழுதணும், எழுதாம போனா நான் இத்தனை வருசம் பேசினதெல்லாம் வாய்க்கொழுப்பு." மைலாத்தாள் சங்கத்து மேஜையிலிருந்து ஒரு முழுத்தாளும், அடியில் வைத்து எழுத ஒரு தடித்த அட்டையும் கொண்டுவந்து மடியில் வைத்தாள். நாற்பத்திரண்டு வருஷமாக எழுதிக்கொடுக்காத கை. பேனாவைப் பிடித்ததும் உள்ளங்கை வேர்த்தது, வேட்டியில் துடைக்கப்போய்த் துடைக்காமல் நிறுத்தினார். எண்பத்துமூன்றில் எழுதின இரண்டு வரி கண்முன் வந்தது, அந்த அழகான எழுத்து, அதுதான் கழுத்தை அறுத்தது. எழுத்து அழகாக இருக்கவேண்டியதில்லை. யார் கேட்டு எழுதுகிறோம், யார் கழுத்துக்காக எழுதுகிறோம், அதுதான், அந்த வித்தியாசத்தைத்தான் ஒரு நோட்டீசிலும் அவர் எழுதாமல் விட்டுவிட்டார். எழுதினார். ஒருமுறை அடித்தார், அடித்ததன் ஓரத்தில் மறுபடி எழுதினார். ஏழெட்டு வரி. எழுதும்போது கால் விண்விண் என்று தெறித்தது, தெறிக்கட்டும்.

"படிக்கறேன், ரெண்டு பேரும் சாட்சி, எந்திரிச்சு நில்லுங்க" என்றார். வெள்ளியங்கிரி போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான், மைலாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள், எழுபத்தொன்பதில் நின்ற மாதிரியே. அமலோற்பவம் மட்டும் மண்டியிட்டபடியே அவர் குதிகாலுக்கு அடியில் ஒரு தலையணையை மெல்ல நுழைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் சைரன் ஊதிக்கொண்டு ஏதோ வந்தது, இவருக்கு வருகிற வண்டியோ வேறு யாருக்கோ போகிற வண்டியோ. அதற்கு மேலே கேட்கவேண்டும் என்று அவர் அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார். "இன்று வியாழக்கிழமை பகல் பதினொன்றே கால் மணிக்கு, சங்கக் கூடத்தில், என் சொந்தக் கையால், யாரும் சொல்லாமல் எழுதுவது. என் இடது காலில் ரத்தக்கட்டி இருப்பது எனக்குப் பன்னிரண்டு நாளாகத் தெரியும். அழுத்தக்கூடாது என்பதும் தெரியும். இவர் வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மறைத்தேன். காலைத் தொட்ட உடனே தெரிந்துகொண்டு, நான் வற்புறுத்தியும் அழுத்த மறுத்தார். எனக்கு எது நேர்ந்தாலும் இதில் கவனக்குறைவு எதுவும் இவருடையது அல்ல. பொய் சொன்னவன் பெயர்" என்று நிறுத்தினார். எதிரில் டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு திரும்பிப் பார்த்தார்கள். "பேரைச் சொல்லுங்ண்ணா, சத்தமா" என்றாள் மைலாத்தாள்.

"ஆறுக்குட்டி மகன் சென்னியப்பன்."